பதிவேட்டின்படி நூற்று அறுபத்திரண்டு

ஜூன் 9, ஞாயிறு

காலையில் மோட்டார் மறுபடி மக்கர். பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் குளித்துவிட்டுச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். ஆசிரியர் காலனி குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பூவராகன் சார் தலைவர், நான் செயலாளர். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் காலனிக்குப் பின்னால் இருக்கும் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அவர் வீட்டு மாடியில் கூடி, தெருவிளக்கு, தெருநாய் என்று ஒரு மணி நேரம் பேசி, வடை தின்றுவிட்டுக் கலைவது வழக்கம். இன்று வடையை யாரும் தொடவில்லை.

பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. பள்ளியை ஒட்டிய நாலு ஏக்கர் பொட்டல் இதுவரை தனி வீடுகள் மட்டும் கட்டக்கூடிய இடம். அதை அடுக்குமாடிக்கான இடமாக மாற்றப் போகிறார்களாம். நாலு மாடி, முந்நூற்று இருபது வீடு. வாய்க்கால் கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு அந்தக் குடும்பங்களை இங்கே வைப்பார்கள். இங்கே அமையாவிட்டால் ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில் வேறு இடம் தயாராக இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டும்.

பூவராகன் சார் கெட்டிக்காரர். “அவங்க வேண்டாம்னு எழுதினா நம்மளைத்தான் கேவலமா நினைப்பாங்க. பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கு, பிள்ளைங்க நடந்தே போகலாம்னுதான் இந்த இடத்தையே பிடிச்சிருக்காங்க. அந்தக் காரணத்தை உடைச்சா போதும். டீச்சர், உங்க ஸ்கூல்ல இப்ப எத்தனை பிள்ளைங்க?”

உங்க ஸ்கூல் என்று கேட்டார். நான் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. யாரும் அப்படிக் கேட்டு நாளாயிற்று.

“நூத்தி அறுபத்திரண்டு” என்றேன். “வகுப்பறை அஞ்சுதான்.”

“அப்ப இருக்கற பிள்ளைங்களுக்கே இடமில்லையே!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வடைத் தட்டு காலியானது.

பதிவேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

பூவராகன் சார் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்தேன். முதல் வாக்கியமே ஒரு பக்கம் ஓடுகிறது. மூச்சு முட்டியது. உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதினேன். சாக்கடை, போக்குவரத்து, பள்ளி என்று அவர் வரிசைப்படுத்தியிருந்தார். பள்ளியை முதலில் கொண்டு வந்தேன். அதுதான் நிற்கும்.

கீழே வெறும் பெயர் போதாது, “ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மேற்படி பள்ளி” என்று போடுங்கள் என்று போனில் சொன்னார். போட்டேன்.

பள்ளியின் காலைப் பிரார்த்தனை என் வீட்டுப் பின்கட்டுக்குக் கேட்கும். இந்த வருடம் சத்தம் குறைவு. காற்று வேறு பக்கம் அடிக்கிறதோ என்னவோ.

ஜூன் 14, வெள்ளி

தங்கையா வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான், வாய்க்கால் கரையில் குடியிருக்கிறான். பெண் ஐந்தாவது, பையன் இரண்டாவது, இரண்டும் நம் பள்ளியில்தான். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டான். படியில் நின்றபடியே பேசினான்.

“டீச்சர், அந்த மாடி வீடு விஷயமா எங்களுக்கு ஒரு மனு எழுதித் தரணும். ‘எங்களுக்கு இங்கயே குடுங்க’ன்னு. நீங்க எழுதினா ஆபீசுல மதிப்பாங்க.”

“வேற யாரும் கிடைக்கலையா?”

“கிடைப்பாங்க டீச்சர். ஆனா பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொல்ல உங்களை விட்டா யாரு? பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டா பிள்ளைங்க படிப்பு அவ்வளவுதான். காலைல ஒரு பஸ்ஸு, பொழுது சாய ஒரு பஸ்ஸு. என் பொழப்பும் இங்க மார்க்கெட்டுலதான்.”

நாலு வெள்ளைத்தாள் கொண்டு வந்திருந்தான். தப்பு வந்தால் மாற்றி எழுத என்று சொல்லிவிட்டு, “உங்களுக்கு ஏது டீச்சர் தப்பு” என்று அவனே சிரித்தான். வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன்.

சங்கத்தின் மனுவைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஜூன் 15, சனி

சிலிண்டர் வந்தது. தாள்கள் அப்படியே நாற்காலியில் கிடக்கின்றன.

ஜூன் 23, ஞாயிறு

கையெழுத்து வாங்கி முடித்தாயிற்று. தொண்ணூற்று நாலு வீட்டில் தொண்ணூற்று ஒன்று. முழங்கால் வீங்கிவிட்டது, ஆனாலும் போன இடமெல்லாம் மரியாதை. “நீங்களே வரணுமா டீச்சர், சொல்லி அனுப்பினா போதாதா” என்று காபி கொடுத்தார்கள். ஐந்து வருடமாக இந்த வீடுகளின் வாசலில் நான் நின்றதே இல்லை.

எட்டாம் நம்பர் வீட்டுப் பெண் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அவ்வளவு பிள்ளைங்களா டீச்சர் படிக்குது? காலைல நம்ம தெருவுல பத்து பிள்ளைங்க போறதே அபூர்வம்.”

“எல்லாம் வாய்க்கால் பக்கத்து கேட் வழியா வந்துடும்” என்றேன். அங்கே ஒரு கேட் இருப்பது உண்மைதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

காலனிப் பிள்ளைகள் யாரும் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் மஞ்சள் வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. ஓசூரில் இருக்கும் என் பேத்தியும் அப்படிப்பட்ட பள்ளியில்தான் படிக்கிறாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மளிகைச் சாமான் பட்டியல் எழுதத் தாள் தேடினேன். கைக்கு அகப்பட்டது தங்கையா வைத்துவிட்டுப் போனதில் ஒன்று.

ஜூன் 28, வெள்ளி

பள்ளி விட்டதும் செண்பகவல்லி வந்தாள். எனக்குப் பிறகு தலைமையாசிரியையாக இருப்பவள். பதினான்கு வருடம் என்னிடம் வேலை பார்த்தாள். பலாச்சுளை கொண்டு வந்திருந்தாள். நேரே சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மனுவுல நூத்தி அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கீங்களாமே டீச்சர்?”

“பதிவேட்டுல அதுதானே இருக்கு.”

“எங்கிட்டயே சொல்றீங்களா?”

நான் பலாச்சுளையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“சத்துணவுல ஐம்பத்தெட்டு முட்டைதான் அவியுது டீச்சர். அந்த ஐம்பத்தெட்டுல நாப்பத்தேழு வாய்க்கால் கரைப் பிள்ளைங்க. அவங்களை ஊருக்கு வெளிய கொண்டு போயிட்டா மிச்சம் பதினொண்ணு. பதினோரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்துவாங்களா? இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க. அந்த முந்நூத்தி இருபது வீடு இங்க வந்துச்சுன்னா, இத்தனை வருஷமா தாள்ல இருக்கற கூட்டம் நிஜமாவே வந்து உக்காரும். பொய்ப்பேரை எல்லாம் சத்தமில்லாம அடிச்சுடலாம். ராத்திரி நிம்மதியா தூங்குவேன் டீச்சர்.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“சாக்கடை, டிராஃபிக், என்ன வேணா எழுதுங்க. பள்ளிக்கூடக் கணக்கை மட்டும் எடுத்துடுங்க.”

“கையெழுத்து வாங்கியாச்சு. இப்ப எடுத்தா ஏன்னு கேப்பாங்க.”

அப்படியானால், அதிகாரிகள் அடுத்த மாதம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தானே எழுந்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வேலை போகும் என்றேன். “பள்ளிக்கூடமே போகப் போவுது” என்றாள். பிறகு என் முழங்காலைத் தொட்டு, “உங்க பேரு வராது டீச்சர். பென்ஷன்ல கை வெச்சிடுவாங்க, எனக்குத் தெரியாதா? எல்லாம் நான் எழுதினதுன்னே சொல்லிடறேன்” என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யாரை யார் காப்பாற்றுவது? ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிப்பார்கள். இவள் வேலைக்கு வந்த மறு வருடம் பிள்ளைகள் குறைந்து ஓர் ஆசிரியர் இடம் போக இருந்தது. கடைசியாக வந்தவள் இவள், இவள்தான் போயிருக்க வேண்டும். கைக்குழந்தையோடு அழுதாள். செங்கல் சூளைக்குப் போய்விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எப்போதாவது திரும்பி வரலாம் என்று பெயரை அடிக்காமல் வைத்திருப்பது எங்கும் உள்ள வழக்கம்தான். வராவிட்டாலும் வைத்திருப்பார்கள். பெயர்கள் வருடாவருடம் வகுப்பு ஏறும். எட்டாவது முடித்துப் போனால் அந்த இடத்துக்கு வேறு பெயர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 3, புதன்

மனுவைக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டை ஃபைலில் வைத்தேன். திரும்பி வரும் வழியில் பூவராகன் சார் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

தங்கையா வந்தான். மனு எழுத நேரமில்லாமல் போயிற்று, உடம்பும் சரியில்லை என்றேன். “பரவால்ல டீச்சர், கோர்ட்டு வாசல்ல ஒருத்தரு எழுதித் தந்துட்டாரு” என்றான். மூன்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நாலாவது எங்கே என்று அவன் கேட்கவில்லை.

ஜூலை 20, சனி

சமுதாயக் கூடத்தில் கருத்துக்கேட்பு. மேடையில் திட்ட அலுவலர், இளம் வயது, கண்ணாடி. இடது பக்க நாற்காலிகளில் காலனி. வலது பக்கம் வாய்க்கால் கரை. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, தானாக அமைந்துவிட்டது. மின்விசிறி எங்கள் பக்கம் மட்டும் சுற்றியது.

பூவராகன் சார் நன்றாகப் பேசினார். சாக்கடைக் குழாயின் அளவு வரைக்கும் சொன்னார். தங்கையா எழுந்து, “எங்க பிள்ளைங்க நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்குங்க சார்” என்று ஆரம்பித்து, அதையே மூன்று முறை சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஐந்தாம் வகுப்பிலும் அப்படித்தான், எழுப்பிக் கேள்வி கேட்டால் தெரிந்ததும் மறந்துவிடும்.

பிறகு செண்பகவல்லி எழுந்தாள். பச்சைச் சேலை. பின்வரிசையிலிருந்து மைக் வரைக்கும் நடந்து வந்தாள்.

“சார், நான் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. பள்ளியில இடமில்லைன்னு சொல்றாங்க. நேத்து வந்த பிள்ளைங்க ஐம்பத்தெட்டு. ரெண்டு வகுப்பறை பூட்டியே கெடக்கு. இந்த வீடுங்க வந்தாத்தான் சார் பள்ளிக்கூடம் பிழைக்கும்.”

கூடத்தில் ஒரே சலசலப்பு. பூவராகன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அலுவலர் மனுவைப் புரட்டினார். “நூத்தி அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கே? இதுல கையெழுத்துப் போட்ட முன்னாள் தலைமையாசிரியை வந்திருக்காங்களா?”

எழுந்தேன். மைக்கைக் கொண்டு வந்து நீட்டினார்கள்.

“அம்மா, எது சரி?”

செண்பகவல்லி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

“பதிவேடு அரசாங்க ஆவணம் சார். அதுல நூத்தி அறுபத்திரண்டுன்னு இருக்கு. அது தப்புன்னா, மாசாமாசம் அதுல கையெழுத்துப் போடறவங்களைத்தான் கேக்கணும்.”

எங்கள் பக்கம் கை தட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறவள் அவள். அலுவலர் அவளிடம், “கொஞ்சம் இருங்க, உங்ககிட்ட எழுத்துல வாங்கணும்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். தங்கையா என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

ஜூலை 21, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கல்வித் துறையிலிருந்து மூன்று பேர் பள்ளிக்கு வந்து தலை எண்ணினார்களாம். பால் வாங்கப் போனபோது கேள்விப்பட்டேன். ஐம்பத்தாறு. இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

செண்பகவல்லியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். போன் செய்யலாமா என்று மதியம் வரைக்கும் யோசித்தேன். அவள் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், இப்போது பேசினால் சங்கடப்படுவாள் என்று விட்டுவிட்டேன். அவளுடைய பெரிய பெண் இந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அன்று கைக்குழந்தையாக இருந்தவள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆணை வந்துவிட்டது. நில உபயோக மாற்றம் கைவிடப்பட்டது. பூவராகன் சார் நகலைக் கையோடு கொண்டு வந்து படித்துக் காட்டினார். முதல் காரணம்: “அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியில் ஐந்து வகுப்பறைகளில் ஏற்கெனவே 162 மாணவர்கள் பயில்வதால், கூடுதல் மாணவர்களைச் சேர்க்க இயலாத நிலை.” என் வாக்கியம்தான், ஓர் எழுத்து மாறவில்லை.

“பிள்ளைங்களை எண்ணி ஒரு மாசம் ஆச்சே சார்” என்றேன்.

“அது அந்தத் துறை, இது இந்தத் துறை டீச்சர். கடுதாசி அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள நமக்கு வேண்டியது நடந்துடுச்சு” என்று சிரித்தார்.

ஐம்பத்தாறு என்று சொல்லி ஒரு துறை அவளை வீட்டுக்கு அனுப்பியது. நூற்று அறுபத்திரண்டு என்று சொல்லி இன்னொரு துறை அந்தக் குடும்பங்களைத் துரத்துகிறது. இரண்டு தாளிலும் முத்திரை இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேசரியில் நெய் அதிகம். இரவு முழுக்க நெஞ்சைக் கரித்தது.

செப்டம்பர் 14, சனி

இரண்டு நாளாக வாய்க்கால் கரையைக் காலி செய்கிறார்கள். லாரிகள் நம் தெரு வழியாகத்தான் போகின்றன. புழுதிக்காக ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

பதினோரு மணிக்குத் தங்கையா வந்தான். வண்டியில் பீரோ, மிதிவண்டி, சுருட்டிய பாய். மேலே அவன் பெண் பைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறங்கி வந்து கேட்டுக்கு வெளியே நின்றான்.

“பிள்ளைங்களுக்கு டி.சி. வேணும் டீச்சர். செம்பகம் டீச்சர் இல்லாததால கையெழுத்துப் போட ஆளில்லைங்கறாங்க. டி.சி. இல்லாம அங்க சேத்துக்க மாட்டாங்களாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட முடியுமா?”

“நான் ரிடையர் ஆனவ தங்கையா. என் கையெழுத்து செல்லாது.”

“செல்லாதா?” என்றான். “அன்னிக்குச் செல்லுச்சே டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டான். நான் உள்ளே வந்துவிட்டேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று.

செப்டம்பர் 16, திங்கள்

காலைப் பிரார்த்தனை கேட்கவில்லை. பின்கட்டில் நின்று பார்த்தேன். நடந்திருக்கும். பதினோரு குரல் இவ்வளவு தூரம் வராது.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளியை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் நடைப்பயிற்சிக்குப் பாதை கேட்டு மனு கொடுக்கலாம், நீங்களே எழுதுங்கள் என்றார் பூவராகன் சார். கண் ஆபரேஷன் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஓர் ஆபரேஷன் இல்லை.

முப்பத்தோரு வருடம் அந்தப் பள்ளிக்குள் போய் வந்திருக்கிறேன். இன்று என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 23, புதன்

செண்பகவல்லி மீதான துறை விசாரணைக்காக ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். காபி வைத்தேன்.

அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை என்னிடமே காட்டினார். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். நான்தான் திருத்தினேன், வேலைக்கு வந்த புதிதில் கோழி கிளறியது மாதிரி எழுதுவாள். “மேற்படி பெயர்கள் அனைத்தும் நான் பொறுப்பேற்ற பின் என்னால் மட்டுமே சேர்க்கப்பட்டவை. முன்னாள் தலைமையாசிரியை திருமதி ஞானசௌந்தரி அவர்களுக்கு இது குறித்து எதுவும் தெரியாது.”

கூட்டத்துக்கு மூன்று வாரம் கழித்து எழுதியிருக்கிறாள். அன்று அத்தனை பேர் எதிரில் நான் சொன்னதைக் கேட்ட பிறகு எழுதியிருக்கிறாள்.

“பழைய பதிவேடு எல்லாம் அந்த ஒழுகற ரூம்ல கரையான் தின்னுடுச்சும்மா. அதனால நீங்க சொல்றதுதான். உங்க காலத்துல எண்ணிக்கை எல்லாம் சரியா இருந்ததா? ஏன்னா, முன்னாடியிருந்தே நடந்து வந்ததுன்னா அவங்களுக்குத் தண்டனை குறையும். தானா ஆரம்பிச்சதுன்னா வேலையே போயிடும்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னை அவசரப்படுத்தவில்லை. நல்ல மனிதர். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“சர்க்கரை போட்டுக்குவீங்களா?” என்று கேட்டேன்.

“அரை ஸ்பூன் போதும்மா.”

போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். பிறகு சொன்னேன். “என் காலத்துல எல்லாம் சரியாத்தான் இருந்தது.”

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். எவ்வளவு அழகான கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நோட்டிலாவது எழுதுகிறேன். முதல் பெயரை எழுதியவள் நான். எண்பதுக்கு மேல் எழுதினேன். இனிஷியல் கூட யோசித்து யோசித்துப் போட்டேன். ஓய்வு பெற்ற அன்று பதிவேட்டை அவள் கையில் கொடுத்து, குறைத்துவிடாதே என்று சொன்னதும் நான்தான்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் செய்தேன். நாளைக் காலையில் போய் மாற்றி எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“சொல்லுங்க டீச்சர். வந்துட்டுப் போயிட்டாரா?”

“ம்.”

“ஒண்ணும் கேக்கலையே உங்களை?”

“இல்ல.”

“அப்பாடா. அதை நெனச்சுத்தான் டீச்சர் ரெண்டு நாளா தூக்கமே இல்ல.” பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வந்துவிடுகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள். “குரல் ஒரு மாதிரி இருக்கே. சாப்பிட்டீங்களா டீச்சர்?”

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.